வேட்டை ரைஃபிளை மாற்றிக்கொள்வதா, வைத்துக்கொள்வதா?

பென்சில்வேனியாவிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் வெள்ளைவால் மான் வேட்டைக்குச் செல்லும் தமிழர்களின் தொகை பெரிதன்று. ஆயினும் சென்று பழகியவர்கள் சில பருவங்கள் கழிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். முதலில் மலிவாகக் கிடைத்த பழைய ரெமிங்டன் 700 ஒன்று, 30-06 தோட்டாவுக்கானது, கையில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, எல்லோரும் புகழும் டிக்கா டி3எக்ஸ் லைட் ஒன்றை, 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கானதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாமா என்பதே அந்தக் கேள்வி. இந்தக் கட்டுரை அந்த ஒரு மாற்றத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, முடிவெடுக்கும் முறையை விளக்குகிறது. துப்பாக்கிகளின் பெயர்கள் வேறாக இருந்தாலும் கணக்கிட வேண்டியவை பெரும்பாலும் இவையே.

புதிய துப்பாக்கியின் சிறப்புகளிலிருந்து யோசிக்கத் தொடங்கினால் முடிவு எப்போதும் மாற்றத்தின் பக்கமே சாயும், ஏனெனில் கடையில் நிற்கும் துப்பாக்கியின் குறை நமக்கு இன்னும் தெரியாது. ஆகவே பழையதிலிருந்து தொடங்க வேண்டும். கடந்த பருவங்களில் எந்த மானை இந்தத் துப்பாக்கியின் காரணமாகச் சுட முடியாமல் போயிற்று, எந்தக் குண்டு இதன் காரணமாகக் குறி தவறிற்று, எந்த மேட்டில் ஏறும்போது இதைச் சுமக்க முடியாமல் திரும்பினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலோரின் தாளில் துப்பாக்கியின் மீது சுமத்தத்தக்க குறை ஒன்றோ இரண்டோதான் எஞ்சும். மற்றவை ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) குறையாகவும், தோட்டாவின் குறையாகவும், பயிற்சிக் குறைவாகவும் இருக்கும். எஞ்சியவற்றை எவ்வளவு செலவில் சரிசெய்யலாம் என்பதும், மாற்றத்தால் எவ்வளவு இழப்பு என்பதும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட வேண்டியவை. தாளில் எழுத ஒன்றுமே இல்லாமல், புதியது ஒன்று வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால் அதிலும் தவறில்லை. ஆனால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

குறி துல்லியம் பற்றிய முறையீடு

மாற்றத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணம் பெரும்பாலும் துல்லியம்தான். டிக்கா நிறுவனம் தன் ரைஃபிள்கள் 100 கெஜத்தில் மூன்று குண்டுகளை ஏறத்தாழ ஓர் அங்குல வட்டத்துக்குள் இடும் என்று உறுதி கூறுகிறது. பழைய ரெமிங்டன் ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வேறுபாடு இலக்குத் தாளில் கண்ணை உறுத்தும். ஆனால் வெள்ளைவால் மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலமுடையது. 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் பரப்பும் துப்பாக்கி, 200 கெஜத்தில் நான்கு அங்குலம் பரப்பும். அதுவும் அந்த எட்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். பென்சில்வேனியாவின் கலப்புக் காடுகளில் 100 கெஜத்துக்கு அப்பால் மானைத் தெளிவாகக் காண்பதே அரிது. எனவே மான் வேட்டைக்கு மட்டும் பயன்படும் துப்பாக்கியை ஓர் அங்குலத் துல்லியத்துக்காக மாற்றுவது, என் கருத்தில், வலுவான காரணமன்று.

மூன்று, நான்கு அங்குலம் பரப்புகிறது என்றால் அது வேறு பேச்சு. அப்போதும் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் சில சோதனைகள் உண்டு. ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளையும், கட்டையோடு, குழல் பொருந்தியிருக்கும் உலோக உடற்பகுதியை இணைக்கும் திருகுகளையும், உரிய முறுக்கு அளவில் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த ஒரு திருகே குண்டுகளின் பரப்பை இரு மடங்காக்கிவிடும். குழலினுள் படிந்த செம்பை அதற்குரிய கரைப்பானால், துணியில் நீலநிறம் வருவது நிற்கும் வரை, பொறுமையாக எடுத்துவிடுங்கள். குழலுக்கும் மரக்கட்டைக்கும் இடையே ஒரு டாலர் தாளைச் செருகி உடற்பகுதி வரை இழுத்துப் பாருங்கள், நடுவில் எங்கேனும் சிக்கினால், ஈரத்தில் வீங்கிய கட்டை குழலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கலாம் (சில துப்பாக்கிகளில் கட்டையின் முன்முனையில் குழலைத் தாங்கும் சிறு அழுத்தம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும், அங்கே மட்டும் சிக்குவது குறையாகாது). அதன் பிறகு வெவ்வேறு எடையுள்ள குண்டுகளைக் கொண்ட மூன்று வகைத் தோட்டாக்களை வாங்கி, குழல் ஆற இடைவெளி விட்டு, வகைக்கு இரண்டு முறை ஐந்தைந்தாகச் சுடுங்கள். மூன்றே குண்டுகளின் பரப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மூன்றில் வாய்ப்பு நல்லதாக அமைந்துவிடுவது எளிது. 150 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் அளவு) குண்டோடு மூன்று அங்குலம் பரப்பிய 30-06, 180 கிரெய்ன் குண்டோடு பாதியாகச் சுருங்குவது புதிதன்று.

இவ்வளவும் செய்த பின்னரும் பரப்பு குறையவில்லையெனில், அப்போது தாளில் துல்லியம் என்ற சொல்லை எழுதிக்கொள்ளலாம்.

உதைப்பும் உடல் அளவும்

உண்மையில் மாற்றத்துக்குரிய நல்ல காரணங்கள் இங்கேதான் இருக்கின்றன. கடைப் பேச்சில் இவற்றுக்குத்தான் மிகக் குறைந்த இடம்.

30-06 தோட்டா 1906ஆம் ஆண்டு அமெரிக்கப் படைக்காக ஏற்கப்பட்டது. 6.5 கிரீட்மோர் 2007இல் ஹார்னடி நிறுவனம் இலக்குச் சுடும் போட்டிகளை மனத்தில் வைத்து வெளியிட்டது. முன்னது 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் தள்ளுகிறது. பின்னது 143 கிரெய்ன் குண்டைக் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தள்ளுகிறது. குண்டின் எடையும் வெடிமருந்தின் எடையும் குறைவதால் தோளில் விழும் உதைப்பும் குறைகிறது. ஸ்கோப்போடு எட்டரைப் பவுண்டு எடையுள்ள 30-06 ரைஃபிளின் உதைப்பு ஏறத்தாழ 19 அடி-பவுண்டு. ஏழே கால் பவுண்டு எடையுள்ள 6.5 கிரீட்மோரின் உதைப்பு 13 அளவில் நிற்கும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது தோளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதே டிக்கா லைட்டை 30-06 தோட்டாவுக்கே வாங்கினால், எடை குறைந்ததால் உதைப்பு 22ஐத் தொடும். எடை குறைவு, உதைப்புக் குறைவு இரண்டையும் ஒருங்கே விரும்புகிறவர் தோட்டாவையும் மாற்றியாக வேண்டும்.

உதைப்பு உங்களுக்குத் தொல்லையா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நண்பர் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை தோட்டா உள்ளதாகவும், சில முறை தோட்டா வடிவிலான பயிற்சி உறை மட்டும் உள்ளதாகவும் நிரப்பித் தரச் சொல்லுங்கள். வெற்று உறை உள்ளபோது விசையை அழுத்தும் கணத்தில் குழல் வாய் கீழ்நோக்கித் தாழ்ந்தால், அடிக்கு அஞ்சி உடல் முன்கூட்டியே சுருங்குகிறது என்று பொருள். அந்த அச்சம்தான் மானைக் காயப்படுத்தித் தப்பவிடும் காரணங்களுள் முதன்மையானது. அது இருக்கிறதெனில் மாற்றத்தை ஆதரிக்க எனக்குத் தயக்கமே இல்லை. இருப்பினும், முதலில் நல்ல ரப்பர் தோள்மெத்தை ஒன்றைப் பொருத்தியும், 30-06க்கே கிடைக்கும் குறைந்த உதைப்புத் தோட்டாக்களைச் சுட்டும் பார்த்துவிடுவது மலிவு. அத்தோட்டாக்கள் உதைப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன; 150 கெஜத்துக்குள் மானுக்கு அவை போதும்.

அடுத்தது கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையிலான தொலைவு பெரும்பாலான ரைஃபிள்களில் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. ஐந்தடி நான்கு, ஐந்து அங்குல உயரமுள்ள ஒருவர் அதைக் கடையில் சட்டையோடு தோளில் வைத்துப் பார்க்கும்போது பொருந்துவது போலவே தோன்றும். நவம்பர் இறுதியில், பனிக்குப் பஞ்சு வைத்த மேலங்கியும் அதன் மேல் ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டையும் அணிந்த பிறகு அதே கட்டை ஓர் அங்குலம் நீண்டுவிடும். தூக்கும்போது அக்குளில் சிக்கும், கண் ஸ்கோப்பின் பின்னால் சரியான இடத்துக்கு வராது, பார்வை வட்டத்தின் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும். கழுத்தை முன்னே நீட்டிப் பார்க்கத் தொடங்கினால், சுட்டவுடன் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டைப் பதித்துவிடும். எனவே எந்தத் துப்பாக்கியானாலும் குளிர்கால உடையை எடுத்துச் சென்று, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அணிந்தபடியே தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடித் தூக்கி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறக்கும்போது ஸ்கோப்பினுள் முழு வட்டமும் தெரிய வேண்டும். பழைய துப்பாக்கியில் தெரியவில்லையெனில், மரக்கட்டையை முக்கால் அங்குலம் அறுத்துத் தோள்மெத்தை பொருத்தித் தருவது துப்பாக்கி பழுதுபார்ப்போருக்குச் சிறிய வேலை.

இடக்கைப் பழக்கம் உள்ளவர் வலக்கைக்கான போல்ட் ரைஃபிளோடு (பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) ஆண்டுக்கணக்கில் போராடுவதில் பொருளில்லை. இதைக் கட்டையை அறுத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மரத்தடியிலோ மேடையிலோ அமர்ந்து காத்திருப்பவருக்கு ஒரு பவுண்டு வேறுபாடு பொருட்டன்று. மலை மேட்டில் நாள் முழுவதும் நடப்பவருக்குப் பெரிது. குட்டையான தோட்டாவுக்கு மாறினால் துப்பாக்கியின் உடற்பகுதியும் குட்டையாகி எடை குறையும் என்று சிலர் கணக்கிடுகிறார்கள். மற்ற பல நிறுவனங்களின் துப்பாக்கிகளுக்கு அது பொருந்தும். டிக்கா எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீள உடற்பகுதியைத்தான் பயன்படுத்துகிறது, ஆகையால் அங்கே அந்த ஆதாயம் கிடையாது.

தோட்டா, விசை, காப்புப் பூட்டு

எந்த விலங்கை, எந்த மாநிலத்தில் வேட்டையாடப் போகிறீர்கள் என்பது தோட்டாத் தேர்வைத் தீர்மானிக்கும். மானுக்கு இரண்டும் போதுமானவை. எந்தத் தோட்டாவால் விழுந்தோம் என்று மானுக்குத் தெரியப்போவதில்லை. கொலராடோவுக்கு எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குச் செல்லும் எண்ணம் உண்டெனில், கனமான குண்டைச் செலுத்தும் 30-06ஐக் கைவிடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பேன், 6.5 கிரீட்மோர் அம்மாநிலச் சட்டத்தின் அளவுகளை எளிதாகக் கடந்தாலும், கோணலாக நிற்கும் பெரிய விலங்கின் தோள் எலும்பைக் கடக்கக் கனமான குண்டு கூடுதல் இடம் தருகிறது. மாறாக, வேலை நிமித்தம் ஒஹையோவுக்குக் குடிபெயரப் போகிறவருக்கு இந்த இரண்டில் எதுவும் உதவாது. அங்கே ரைஃபிளால் மான் வேட்டையாட நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கே (உறையின் கழுத்து குறுகாமல் நேராக இருப்பவை) அனுமதி உண்டு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டுகளையே பயன்படுத்த வேண்டும். அங்கு செல்பவர், தாம் வாங்கவிருக்கும் துப்பாக்கி செப்புக் குண்டுகளை நன்றாக இடுகிறதா என்பதைச் சுட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். தோட்டா கிடைப்பதிலும் கவனம் தேவை: 30-06 நூறாண்டுக்கு மேலாகப் புழங்குவதால் சிற்றூர்களின் இரும்புப் பொருள் கடையில்கூடக் கிடைப்பதுண்டு, கிரீட்மோரும் இப்போது பரவலாகிவிட்டது. 2020, 2021 ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் வேட்டைத் தோட்டாக்கள் அடுக்குகளிலிருந்து மறைந்துபோனதை நினைவில் வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் பெட்டிகளையும் சொத்தாகவே கணக்கிடுவார்கள்.

ரெமிங்டன் 700 வைத்திருப்பவர் விசையைப் பற்றி அறியாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது. 1962இல் அறிமுகமான இத்துப்பாக்கியில் நீண்ட காலம் பயன்பட்ட வாக்கர் விசை, அழுத்தாமலேயே வெடிக்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில் பல வழக்குகளுக்கு உள்ளாயிற்று. நிறுவனம் அதை மறுத்தது. எனினும் விசையை மாற்றித் தருவதற்கான கூட்டு வழக்கு உடன்பாடு ஒன்று பின்னர் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. அதற்குப் பின் வந்த எக்ஸ்-மார்க் புரோ விசையுள்ளவற்றுள் 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்யப்பட்டவற்றை நிறுவனமே 2014இல் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2020இல் நிறுவனம் திவாலாகிப் பகுதி பகுதியாக விற்கப்பட்டது. உங்களுடையது எப்போது செய்யப்பட்டது என்பதை, குழலின் இடப்பக்கத்தில் உடற்பகுதியை ஒட்டிப் பொறிக்கப்பட்டிருக்கும் சிறு எழுத்துக் குறியைக் கொண்டு பழுதுபார்ப்பவர் சொல்லிவிடுவார். ஐயத்துக்குரிய விசை இருக்குமானால், வேறு நிறுவனம் செய்த நம்பகமான விசை ஒன்றை 150 முதல் 200 டாலர் செலவில் பொருத்திவிடலாம். மாற்றிவிடுவதே நல்லது என்று முடிவு செய்தாலும், வாங்குபவரிடம் விசையின் நிலையைச் சொல்லாமல் துப்பாக்கியைக் கைமாற்றுவது முறையன்று.

டிக்காவின் விசை இந்த விலைக்குக் கிடைப்பவற்றுள் மிகச் சீரானது என்பதை மறுக்க முடியாது. போல்ட்டும் ரெமிங்டனுக்கு வேண்டிய 90 பாகைக்கு மாறாக 70 பாகை தூக்கினாலே திறக்கிறது. குறையும் உண்டு. தவறிச் சுடாமல் தடுக்கும் அதன் காப்புப் பூட்டு இரண்டு நிலைகளை மட்டும் உடையது. பூட்டினால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். எனவே தோட்டா அறையிலுள்ள தோட்டாவை வெளியே எடுக்க, பூட்டைத் திறந்துகொண்டுதான் போல்ட்டை இயக்க வேண்டும். மரத்தின் மேலுள்ள மேடையிலிருந்து இறங்கும் முன் துப்பாக்கியைக் காலி செய்பவருக்கு இது கவனிக்க வேண்டிய ஒன்று. வின்செஸ்டர் 70இன் மூன்று நிலைப் பூட்டில் நடு நிலை, தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசியைத் தடுத்தபடியே போல்ட்டை இயக்க விடுகிறது. கழற்றத்தக்க மேகஸின் (தோட்டாக்களை வைக்கும் பெட்டி) டிக்காவின் மற்றொரு வசதியும் தொல்லையும் ஆகும்: காலி செய்வது எளிது, காட்டில் தொலைத்துவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது.

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. அமெரிக்க நண்பர்கள், தாத்தாவின் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தாதவர் எவரும் இல்லை என்பார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டதால், அங்கிருந்து வந்த நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு துப்பாக்கியே கிடையாது. அந்தப் பாசத்தை இரவல் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் கையில் இருப்பது 1964க்கு முந்திய வின்செஸ்டர் 70 போன்ற ஒன்றாக இருந்தால் நிலைமை வேறு. சேகரிப்பாளர்கள் அவற்றுக்குக் கூடுதல் விலை தருகிறார்கள். நன்கு அறிந்த ஒருவரைக் கொண்டு மதிப்பிடாமல் அவற்றைக் கொடுத்துவிடவோ, கட்டையை அறுத்தும் மெருகேற்றியும் கெடுத்துவிடவோ கூடாது.

பணக் கணக்கு

கடைக்காரர் உங்கள் துப்பாக்கியை மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டியவர். ஆகவே அது வெளியில் விற்கக்கூடிய விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரையே தருவார் என்று எதிர்பார்ப்பது சரி. அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. கணக்கு எப்படி அமைகிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை நிலையைக் கொள்வோம். புதிய துப்பாக்கி 850 டாலர். உங்கள் பழையதற்குக் கடைக்காரர் 300 தருகிறார். தனியாருக்கு விற்றால் 450 கிடைக்கும். பழைய துப்பாக்கியின் ஸ்கோப்பை எடுத்துப் புதியதில் வைக்க வேறு வளையங்கள் வேண்டும், 50 டாலர். புதிய தோட்டாவில் எது பொருந்துகிறது என்று பார்க்க மூன்று பெட்டிகள், 120 டாலர். பென்சில்வேனியாவின் விற்பனை வரி 6 விழுக்காடு. பழையதைக் கடையிலேயே கொடுத்தால், வரி மீதித் தொகையான 550க்கு மட்டும் என்று கொண்டால் 33 டாலர். மொத்தம் கையிலிருந்து போவது 753. தனியாருக்கு விற்றுவிட்டு வாங்கினால் வரி 51, போவது 621. இடைப்பட்ட 132 டாலர், விளம்பரம் செய்வது, அந்நியரைச் சந்திப்பது, பேரம் பேசுவது ஆகிய தொல்லைகளிலிருந்து விடுபடக் கொடுக்கும் விலையாகும். அது உங்களுக்கு ஏற்புடையதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது வழியாக, துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்து விற்றுத் தரச் சொல்லலாம். விலையில் ஒரு பங்கைக் கடை எடுத்துக்கொள்ளும், விற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த 621ஐ அல்லது 753ஐ, தோள்மெத்தைக்கும் கட்டையைக் குறுக்குவதற்கும் புதிய விசைக்கும் ஆகும் முந்நூறு டாலர் அளவிலான செலவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் தாளில் எழுதிய குறைகளை அந்த முந்நூறு தீர்த்துவிடுமெனில் மாற்றத்தின் தேவை குறைகிறது.

காலமும் விலையைப் பாதிக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் எல்லோரும் துப்பாக்கி தேடுவார்கள். ஜனவரிக்குப் பிறகு கடைக்காரர்கள் இருப்பைக் குறைக்க விரும்புவார்கள். விற்பதற்கு முன்னதும், வாங்குவதற்குப் பின்னதும் ஏற்ற காலம். ஒரே நாளில் கொடுத்து வாங்குபவர் இரண்டில் ஒன்றை இழக்கிறார். இலையுதிர் காலத்தில் விற்றால் அந்தப் பருவத்துக்குத் துப்பாக்கி இருக்காதே என்பவர்கள், ஜனவரியில் புதியதை வாங்கி அடுத்த செப்டம்பரில் பழையதை விற்கலாம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: இரண்டையும் கோடை முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் சுட்டுப் பார்த்த பிறகு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறீர்கள். பணம் இடம் கொடுக்குமானால் நான் பரிந்துரைப்பது இதையே.

சட்டம்

குடியுரிமை பெற்றவருக்கும் பச்சை அட்டை வைத்திருப்பவருக்கும் கூட்டரசுச் சட்டத்தில் குடியேற்ற நிலையால் தடை இல்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே பொதுவாகத் தடை உண்டு. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அந்தத் தடைக்கான விதிவிலக்குகளுள் ஒன்று. பென்சில்வேனியாவின் உரிமம் ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை செல்லும். ஆகவே விசாவில் இருப்பவர் மாற்றத்துக்குப் போகும் நாளில் மட்டுமன்றி, துப்பாக்கி வீட்டில் இருக்கும் எல்லா நாளிலும் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இது குடியேற்ற வழக்கையும் பாதிக்கக்கூடிய செய்தி. ஐயமிருந்தால் வழக்கறிஞரைக் கேட்ட பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள்.

கடையில் வாங்கும்போது 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். பழையதைக் கொடுத்து வாங்கினாலும் அதேதான். பென்சில்வேனியாவில் ஒரே மாநிலத்தவர் இருவர் நீள் துப்பாக்கியைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கடை தேவையில்லை. நியூயார்க், கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்களில் தனியார் மாற்றத்துக்கும் சோதனை உண்டு. நியூஜெர்சியில் இருக்கும் நண்பரோடு மாற்றிக்கொள்வதென்றால், மாநில எல்லையைக் கடப்பதால், உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே செய்ய வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் நான் கடை வழியாகச் செய்வதையே விரும்புவேன். சிறு கட்டணத்தோடு, துப்பாக்கி உங்கள் கையை விட்டுப் போனதற்கு ஓர் ஆவணம் கிடைக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால், இருவர் பெயர், முகவரி, வரிசை எண், நாள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்ட தாளையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துப்பாக்கி ஒன்றை ஏற்பதானால்

மாற்றாகக் கிடைப்பது புதியதாக இராமல் பிறர் பயன்படுத்தியதாக இருந்தால், மேகஸினும் தோட்டா அறையும் காலியா என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்புறமிருந்து குழலினுள் நோக்குங்கள். சுருள் வரிகளின் விளிம்புகள் கடைசி வரை கூர்மையாகத் தெரிய வேண்டும், தோட்டா அறைக்கு அடுத்த இடத்தில் வறண்ட சேற்று நிலம் போல் வெடிப்புக் கண்டால் மிகுதியாகச் சுடப்பட்ட குழல் அது. குழல் வாயின் விளிம்பை, காது குடையும் பஞ்சுக் குச்சியால் உள்ளிருந்து வெளியாக மெல்ல இழுத்துத் தடவுங்கள். எங்கேனும் பஞ்சின் இழை சிக்கினால் அங்கே விளிம்பு அடிபட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு வடுவே குண்டைக் கோணலாக வெளியேற்றும். திருகுகளின் தலைகள் சிதைந்திருந்தால், தேர்ச்சியில்லாத கை ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது. கட்டையைக் கழற்றிப் பார்க்க உரிமையாளர் இசைந்தால் கட்டாயம் பாருங்கள். மேலே பளபளக்கும் துப்பாக்கியின் அடிப்புறத்தில், கட்டைக்குள் ஈரம் தங்கிய கோட்டில், துரு செங்குழம்பாகப் படிந்திருப்பதுண்டு. டிக்காவில் அங்கே இன்னொன்றையும் காணலாம்: உதைப்பைத் தாங்கும் சிறு தகடு பழைய டி3யில் அலுமினியத்தால் ஆனது, 2016இல் வந்த டி3எக்ஸில் எஃகினால் ஆனது. அலுமினியத் தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

காப்புப் பூட்டைச் சோதிக்க, காலியான துப்பாக்கியின் போல்ட்டை மூடி, பூட்டைப் போட்டு, விசையை நன்றாக அழுத்தி விட்டுவிடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் பூட்டைத் திறங்கள். ஊசி விழும் ஒலி கேட்கக் கூடாது. பூட்டைத் திறந்த நிலையில், கட்டையின் அடியை ரப்பர் மெத்தை விரித்த தரையில் மிதமாகத் தட்டிப் பாருங்கள்; அப்போதும் விழக் கூடாது. இரண்டில் ஒன்றில் தவறினாலும், விலை எவ்வளவு இறங்கினாலும், பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம்.

மாற்றத்தை முடித்த பின், பழைய தோட்டாக்கள் அனைத்தையும் மேலங்கிப் பைகளிலிருந்தும், முதுகுப்பையின் அடியிலிருந்தும், காரின் இழுப்பறையிலிருந்தும் தேடி எடுத்து, துப்பாக்கியை வாங்கியவருக்கே கொடுத்துவிடுங்கள்; அவை பேரத்தின் ஒரு பகுதியாகவும் அமையும், தவறான தோட்டாவைத் தவறான துப்பாக்கியில் நுழைக்கும் இடரும் நீங்கும். புதிய துப்பாக்கிக்கு ஸ்கோப்பைப் பொருத்தி, முதலில் 25 கெஜத்திலும் பிறகு 100 கெஜத்திலும் குறியை நிலைநிறுத்துங்கள். அதன் பின் வெவ்வேறு நாள்களில், குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதை மட்டும் ஒரே தாளில் குறித்து வாருங்கள். மானுக்கு முன் நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டையே. நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த சனிக்கிழமை பென்சில்வேனியாவில் ரைஃபிள் பருவம் தொடங்கும் என்பதால், இந்த வேலை அக்டோபர் முடிவதற்குள் நிறைவேறிவிட வேண்டும். அதற்குக் காலம் இல்லையெனில், அந்த ஒரு பருவத்துக்குப் பழைய துப்பாக்கியையே எடுத்துச் செல்லுங்கள். மாற்றத்தை ஜனவரிக்குத் தள்ளிவைத்தால் விலையும் சற்றுக் குறையும்.